யாத்திரை போகையில் நாயை யாரிடம் விடுவது?

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரை, முல்லைத்தீவையும் திருகோணமலையையும் கடந்து வெருகல் ஆற்றங்கரைக்கு வரும். சித்திரவேலாயுத சுவாமி கோயிலில் இளைப்பாறிவிட்டு மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை என்று தெற்கு நோக்கி நடை தொடரும். இடையில் வந்து சேர்ந்துகொள்ளும் குடும்பங்களுக்குப் புறப்படுமுன் செய்து முடிக்க எவ்வளவோ ஒழுங்குகள். மாட்டைப் பார்க்க ஆள் வேண்டும், வீட்டில் விளக்கு வைக்க ஆள் வேண்டும், வாழைக்குத் தண்ணீர் இறைக்க ஆள் வேண்டும். நாயைப் பற்றிய பேச்சு கடைசியாகத்தான் எழும். "அது தன்பாட்டில கிடக்கும், சோறு வச்சாக் காணும்" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்தும் விடும்.

யாத்திரை என்றில்லை. கொழும்பு வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை, மட்டக்களப்பில் கலியாணம், வளைகுடா நாட்டில் வேலை என்று எதற்காக வீட்டைப் பூட்டினாலும் இதே கேள்வி வரும். பெரிய நகரங்களில் நாய்களை நாட்கணக்கில் வைத்துப் பார்க்கும் விடுதிகள் இருக்கின்றன. வெருகல் போன்ற ஊரில் அயல்வீடும் உறவினர் வளவும்தான் விடுதி. இதை ஒரு குறையாக நினைக்க வேண்டியதில்லை. வீட்டார் போன பிறகு ஒரு நாயின் உடலில் என்ன நடக்கிறது என்று கடந்த முப்பது ஆண்டுகளாக ஆராய்ந்தவர்களின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால், நல்ல அயல்வீடு நாய்க்கு மிகச் சிறந்த இடம் என்றே தெரிகிறது. அங்கே கூடுதலாக வேண்டியது கொஞ்சம் ஒழுங்கு மட்டுமே.

கதவடியில் நிற்கும் நாய்

சிறு குழந்தை தாயோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதை அறிய மேரி எய்ன்ஸ்வர்த் என்ற உளவியலாளர் ஒரு சோதனையை உருவாக்கினார். பழக்கமில்லாத அறை ஒன்றில் குழந்தையும் தாயும் இருப்பார்கள். அந்நியர் ஒருவர் வருவார். தாய் வெளியே போவார், சிறிது நேரத்தில் திரும்பி வருவார். அப்போதெல்லாம் குழந்தை என்ன செய்கிறது என்று கவனித்துக் குறிப்பார்கள். 1998 இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் யோசெப் தோபால், ஆதாம் மிக்லோஷி ஆகியோரின் குழு இதே சோதனையை 51 நாய்களுக்கு வைத்தது.

வீட்டார் அறையில் இருந்தபோது நாய்கள் துணிவாகச் சுற்றித் திரிந்தன, மோந்து பார்த்தன, விளையாடின. அவர் வெளியேறியதும் விளையாட்டுக் குறைந்தது. கதவடியில் போய் நின்றுகொண்டன. அந்நியர் எவ்வளவு அன்பாக அழைத்தாலும் அது ஈடாகவில்லை. தாயைப் பற்றிக்கொண்டு உலகத்தை எட்டிப் பார்க்கும் குழந்தையிடம் காண்கின்ற அதே ஒழுங்கு நாயிடமும் இருப்பதை அந்தச் சோதனை காட்டியது.

சோற்றுத் தட்டு நிறைந்திருந்தாலும் வீட்டார் போன அன்று பல நாய்கள் வாய் வைக்காமல் கிடப்பதற்கு இதுவே காரணம். நாய்க்கு இல்லாமல் போனது அந்த இடத்தைப் பயமில்லாத இடமாக்கி வைத்திருந்த மனிதர். அவருடைய இடத்தை இன்னொருவர் நிரப்ப முடியுமா, அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதே அடுத்த கேள்வி.

முதல் மூன்று நாள்

மனிதருக்கும் நாய்க்கும் நெருக்கடியில் சுரக்கும் ஓமோன் ஒன்றே. அதன் பெயர் கோர்ட்டிசோல். ஆபத்து வரும்போது உடலை உசார்ப்படுத்துவது அது. நீண்ட நேரம் உயர்ந்தே இருந்தால் நோயெதிர்ப்புச் சக்தி தளரும், வயிறு குழம்பும், உறக்கம் கெடும். அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் மைக்கேல் ஹென்னசியின் குழு, பொதுக் காப்பகம் ஒன்றுக்கு வந்து சேர்ந்த நாய்களின் இரத்தத்தில் இந்த ஓமோனை அளந்து 1997 இல் வெளியிட்டது. வந்த முதல் மூன்று நாட்களில் அதன் அளவு, சொந்த வீட்டில் வாழும் நாய்களில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. நாட்கள் போகப் போகத்தான் இறங்கியது.

உறக்கத்திலும் இதைக் காணலாம். புதிய இடத்தில் முதல் தடவை படுக்கும் மனிதருக்குச் சரியாக நித்திரை வராது. நாய்களின் மூளை அலைகளைப் பதிவு செய்த புடாபெஸ்ட் ஆய்வாளர்கள், முதல் தடவை பழகாத இடத்தில் உறங்கும்போது நாயின் நித்திரையும் வேறுபடுவதை 2020 இல் எழுதினார்கள்.

எனவே, யாரிடமாவது நாயை விடுவதென்றால் அந்த முதல் மூன்று நாளும் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். நான்காம் நாள் சந்தைக்குப் போகலாம், ஐந்தாம் நாள் வயலில் தங்கலாம். முதல் மூன்று நாளும் காலையில் புறப்பட்டு இருட்டிய பிறகு திரும்பும் ஒருவரிடம் நாயை ஒப்படைத்தால், அது தனிமையையும் அந்நிய இடத்தையும் ஒன்றாகத் தாங்க வேண்டிவரும்.

வீடா, கூண்டு வரிசையா என்ற கேள்விக்கும் ஒரு நல்ல பதில் கிடைத்திருக்கிறது. அமெரிக்கக் காப்பகங்களில் இருந்த இருநூறுக்கும் மேற்பட்ட நாய்களை ஓரிரு இரவு சாதாரண வீடுகளில் தங்க வைத்துப் பார்த்த ஆய்வு 2019 இல் வெளியானது. லீசா குண்டர், கிளைவ் வின் ஆகியோரின் குழு செய்த வேலை அது. வீட்டில் உறங்கிய இரவுகளில் சிறுநீரில் கோர்ட்டிசோல் குறைந்தது, ஓய்வு கூடியது. காப்பகத்துக்குத் திரும்பியதும் அளவு பழைய நிலைக்கு ஏறியது, அதைத் தாண்டவில்லை. அந்நியர் வீடுதான், தெரியாத அறைதான். இருந்தும் மனிதர் நடமாடும் வீடு நாயின் உடலை அமைதிப்படுத்தியது.

பத்து நிமிடம், மூன்று தடவை

புடாபெஸ்ட் குழு 2001 இல் செய்த இன்னோர் ஆய்வு நாய் வளர்க்கும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது. மார்தா காச்சி முன்னின்று நடத்திய அந்த ஆய்வில், காப்பகத்தில் கைவிடப்பட்டிருந்த வளர்ந்த நாய்களோடு ஒருவர் மூன்று தடவை பழகினார். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம்தான். தடவிக் கொடுத்தார், பேசினார், கொஞ்சம் நடத்திக்கொண்டு போனார். பிறகு மேலே சொன்ன அறைச் சோதனையை வைத்தபோது, அந்த நாய்கள் தம்மோடு பழகியவரிடம் பிணைப்பின் அடையாளங்களைக் காட்டின. மொத்தம் அரை மணி நேரத்தில் ஒரு புதிய மனிதரை நாய் தன் உலகத்துக்குள் எடுத்துக்கொள்ளத் தொடங்குகிறது.

பயணத்துக்கு முன் என்ன செய்யலாம் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. நாயைப் பார்க்கப் போகும் அக்காவோ பெரியம்மாவோ அயல்வீட்டு மாமாவோ, ஒரு கிழமைக்கு முன்பே மூன்று மாலைப்பொழுது நம் வளவுக்கு வரட்டும். பத்து நிமிடம் நாயோடு இருக்கட்டும், தன் கையால் ஒரு பிடி சோறு வைக்கட்டும். அடுத்தடுத்த நாட்களில் நாயை அவர் வளவுக்குக் கூட்டிப் போய் வரலாம். நாம் வெளியூரில் இல்லாத ஒரு சாதாரண இரவில் அது அங்கே படுத்துப் பார்க்கலாம். அந்த இரவு சரியாகப் போகவில்லையென்றால், வேறு ஆளைத் தேட அவகாசம் இருக்கும்.

இந்த ஆயத்தம் எங்கள் ஊர் நாய்க்குக் கூடுதலாகவே வேண்டும். அது பெரும்பாலும் கட்டிப் பழகாத நாய். வேலிக்கு உள்ளும் புறமும் போய் வரும், தெருவில் தனக்கென்று ஓர் எல்லை வைத்திருக்கும். அதைத் திடீரென்று இன்னொரு தெருவுக்குக் கொண்டுபோனால் அங்குள்ள நாய்கள் சும்மா விடாது. கட்டினாலோ வாழ்க்கையில் முதல் தடவையாகக் கயிற்றை அனுபவிக்கும். பட்டியும் கயிறும் பிரிவுநாளன்றே அறிமுகமாகக் கூடாது. சில கிழமைக்கு முன்பே, நாம் பக்கத்தில் இருக்கையில், சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். முடியுமானால் நாயை அதன் வளவிலேயே விட்டு, பார்ப்பவர் அங்கே வந்து படுப்பது எல்லாவற்றிலும் நல்லது.

உடுத்த சாரம்

மனிதரின் மூக்கில் மணத்தை உணரும் ஏற்பிகள் ஐம்பது, அறுபது இலட்சம் என்றால் நாயின் மூக்கில் இருபது கோடிக்கும் மேல். ஆள் போன பிறகும் அவர் மணம் வீட்டில் இருக்கிறது என்பதை நாம் ஒரு நினைவாகச் சொல்வோம். நாய் அதை நேரடியாக முகர்ந்து அறிகிறது.

எமரி பல்கலைக்கழகத்தின் கிரெகரி பேர்ன்ஸ், மயக்க மருந்து கொடுக்காமலே எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுக்க நாய்களைப் பழக்கியவர். 2015 இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் 12 நாய்களுக்கு ஐந்து மணங்கள் காட்டப்பட்டன. நாயின் சொந்த மணம், தெரிந்த மனிதர், தெரியாத மனிதர், தெரிந்த நாய், தெரியாத நாய். நல்லது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்போடு தொடர்புள்ள மூளைப்பகுதி மிகக் கூடுதலாகத் தூண்டப்பட்டது தெரிந்த மனிதரின் மணத்துக்கே. அந்த மனிதர் அப்போது அந்த அறையில் இல்லை. அவர் மணம் மட்டும் போதுமாக இருந்தது.

ஆகவே நாயோடு கூடவே, ஒருநாள் உடுத்து, தோய்க்காமல் வைத்த சாரத்தையோ சீலையையோ அனுப்புங்கள். அது படுத்த சாக்கையும் கழுவாமல் கொடுங்கள். அது வழக்கமாகத் தின்னும் சாப்பாட்டையும் சொல்லிவிடுங்கள். சோறும் மீனும் தின்று வளர்ந்த நாய்க்கு, உபசாரம் என்று எண்ணிப் புதிய உணவைத் திடீரென்று வைத்தால், ஏற்கெனவே கலங்கியிருக்கும் குடல் கழியத் தொடங்கும்.

வீடு தேடி ஓடும் நாய்

கயிற்றை அறுத்துக்கொண்டு பல மைல் தூரம் நடந்து வீட்டுக்கு வந்து சேர்ந்த நாய்களின் கதை ஒவ்வோர் ஊரிலும் உண்டு. செக் குடியரசின் ஆய்வாளர்கள் 27 வேட்டை நாய்களுக்கு இடங்காட்டிக் கருவி பொருத்திக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். 2020 இல் வெளியான முடிவு ஆச்சரியமானது. மோப்பம் பிடித்த பழைய தடத்திலேயே திரும்பிய நாய்கள் ஒரு பகுதி. புதிய வழியில் திரும்பியவற்றில் பல, வீட்டார் எந்தத் திசையில் நின்றாலும், முதலில் வடக்குத் தெற்காக ஏறத்தாழ 20 மீட்டர் ஓடின, பிறகுதான் திசை பிடித்துத் திரும்பின. அப்படி ஓடியவை விரைவாகவும் வந்து சேர்ந்தன. பூமியின் காந்தப் புலத்தோடு தம் மனதிலுள்ள வழிப்படத்தை நாய்கள் பொருத்திப் பார்க்கின்றன என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

விட்டுவிட்டு வந்த நாய் வீட்டை நோக்கி நடக்கும் என்பதை எப்போதும் எதிர்பார்க்க வேண்டும். வெருகல் ஆற்றைத் தோணியிலும் படகுப்பாதையிலும் கடந்த காலத்தில் அக்கரை உறவினர் வீட்டில் விட்ட நாய்க்கு ஆறே வேலி. இப்போது பாலம் இருக்கிறது, திருகோணமலை மட்டக்களப்பு வீதியில் வாகனங்கள் வேகமாகப் போகின்றன. ஆற்றில் முதலையும் உண்டு. எனவே விடும் வளவின் வேலியை முழுதாகச் சுற்றி நடந்து பாருங்கள். நாய் நுழையும் பொட்டு எங்கே, படலை இரவில் சாத்தப்படுகிறதா, நாய் கிண்டிக் கீழால் வெளியேறக் கூடிய மணல் தரையா என்று பார்க்க வேண்டும். கழுத்துப் பட்டியில் தொலைபேசி எண் எழுதிக் கட்டுவது சிறு வேலை, பெரிய காவல்.

யாத்திரைக் காலம் கச்சான் காற்று வீசும் காலம் என்பதையும் மறக்க வேண்டாம். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வியர்க்காது. பாதங்களில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் அது உடலைக் குளிர்விக்கிறது. அதன் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ். 41 ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. தகரக் கொட்டிலில் கட்டிய நாய் நண்பகலில் அந்த எல்லைக்குப் போய்விட முடியும். கிடுகுக் கூரையும் மரநிழலும் நாள் முழுதும் எட்டக்கூடிய தண்ணீரும், பளபளக்கும் சீமெந்துக் கூண்டைவிட மேலானவை.

வளவில் ஒளிந்திருப்பவை

அயல்வீட்டுக்கு நாம் கொண்டுபோக வேண்டிய ஒழுங்கு இந்த இடத்தில்தான் மிகவும் அவசியம். நல்ல நாய் விடுதி ஒன்று தடுப்பூசி அட்டையைக் காணாமல் நாயை உள்ளே எடுக்காது. உறவுக்குள் அதைக் கேட்க நமக்குக் கூச்சம்.

இலங்கையில் 1970களில் விசர்நாய்க்கடியால் ஆண்டுக்கு 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாய்களுக்கு ஊசி போட்டுப் போட்டே அந்த எண்ணிக்கை இன்று சில பத்துகளாகக் குறைந்திருக்கிறது. முதல் தடவை போடும் விசர்நாய்த் தடுப்பூசி முழுப் பாதுகாப்புத் தர ஏறக்குறைய நான்கு கிழமை வேண்டும். புறப்படும் நாளுக்கு முதல்நாள் போட்டால், பார்த்துக்கொள்பவரின் பிள்ளைகளுக்கு அதனால் உடனே காவல் கிடைக்காது. கடி பட்டால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

பார்வோ வைரஸ் முதன்முதலாக 1978 இல் அடையாளம் காணப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் உலகம் முழுதும் பரவிவிட்டது. குட்டிகளுக்கு இரத்தக் கழிச்சலை உண்டாக்கிக் கொல்வது அது. அதன் பலம், நாய் போன பிறகும் மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்போடு கிடக்கக் கூடிய தன்மை. ஆகவே விடும் வீட்டில், "போன வருசம் இந்த வளவில குட்டி ஏதும் இரத்தமாக் கழிஞ்சு செத்ததா?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. ஆம் என்றால், ஊசி முடியாத குட்டியை அங்கே விடாதீர்கள்.

உண்ணியும் அப்படியே. நாய் உண்ணி இரத்தம் குடித்து முடிந்ததும் விழுந்து, சுவர் வெடிப்புக்குள் ஏறி ஒளியும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். உண்ணிக் காய்ச்சலைப் பரப்பும் நுண்ணுயிர்களும் அதோடு வரும். நாயை மட்டும் பார்த்தால் போதாது, அது படுக்கப் போகும் சுவரின் வெடிப்பையும் பார்க்க வேண்டும். மாரியில் மகாவலி பெருகித் தாழ்நிலம் மூழ்கும் காலத்தில் பயணம் என்றால், எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தால் பரவும் எலிக்காய்ச்சலுக்கும் ஊசி போட்டிருக்க வேண்டும். அந்நேரம் மேட்டு நிலத்து வீடே நாய்க்கு உகந்தது.

நகரத்து விடுதியில் விடுவோருக்கும் இதே கண் வேண்டும். பல நாய்களை அடைத்த கூடங்களில் சத்தம் 100 டெசிபெல்லைத் தாண்டுவதை அளந்திருக்கிறார்கள். நாயின் காது நம் காதைவிட நுட்பமானது. உள்ளே போகுமுன் வாசலில் நின்று கேளுங்கள். நாய் வளர்க்காதவர்கள்கூட, கோபக் குரைப்பையும் தனித்து விடப்பட்ட நாயின் குரைப்பையும் வேறு பிரித்து அறிவதைப் புடாபெஸ்ட் ஆய்வு ஒன்று 2005 இல் காட்டியது. உங்கள் காதை நம்பலாம். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இரவில் இங்கே யார் படுப்பது?" அந்தப் பதிலில் எல்லாம் தெரிந்துவிடும்.

கூடவே கூட்டிப் போனால்?

சில நாய்கள் யாத்திரைக்காரர் பின்னால் தாமாகவே நடந்துவிடும். அது பக்தி என்று மகிழ்ந்து விட்டுவிடுவோரும் உண்டு. உகந்தைக்கு அப்பால் பாதை குமண, யால வனங்களுக்குள் போகிறது. சிறுத்தைக்கு நாய் இரை. இன்னோர் ஆபத்து எதிர்ப்பக்கமாகவும் வரும். 1994 இல் தன்சானியாவின் செரெங்கெட்டியில் நாய்களின் டிஸ்டெம்பர் நோய் தொற்றிச் சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றிலொன்று இறந்தன. சுற்றியிருந்த ஊர்களின் வளர்ப்பு நாய்களே அந்த நோயின் ஊற்று என்று கண்டறியப்பட்டது. ஊசி போடாத ஊர் நாய் காட்டுக்குள் போவது அதற்கும் நல்லதில்லை, காட்டுக்கும் நல்லதில்லை. அதைப் புறப்படும் நாளன்று அன்பாகக் கட்டி வைப்பதே அறம்.

நீண்ட பிரிவு

வளைகுடாவுக்குப் போகும் மகனோ மகளோ கேட்பார்கள், "திரும்பி வரைக்க என்னை அடையாளம் தெரியுமா?" என்று. சார்ல்ஸ் டார்வின் பீகிள் கப்பலில் போய் ஐந்து ஆண்டும் இரண்டு நாளும் கழித்து வந்தபோது, அந்நியர்களை அண்டவிடாத தன் நாயைப் பழைய முறைப்படி கூப்பிட்டுப் பார்த்தார். அரை மணி நேரத்துக்கு முன்தான் பிரிந்ததுபோல் அது பின்னால் நடந்து வந்ததாக எழுதியிருக்கிறார். மறதி பற்றிய கவலை வேண்டாம். இடைப்பட்ட காலத்தில் அதைப் பார்த்துக்கொள்ள ஒரே மனிதர் நிலையாக இருக்கிறாரா என்பதுதான் கவலைப்பட வேண்டியது. மாதத்துக்கொரு வீடாக மாறும் நாய் ஒவ்வொரு தடவையும் அந்த முதல் மூன்று நாளை மறுபடி வாழ வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் வீட்டுக்கு வீடு தனித்தனியாகச் செய்வதைவிட ஊராகச் செய்வது எளிது. யாத்திரை வெருகலை எட்டுவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே, கால்நடை வைத்திய அலுவலகத்தோடு பேசிக் கோயில் வீதியில் ஒரு தடுப்பூசி நாள் வைக்கலாம். போகிறவர் யார், ஊரில் நிற்கிறவர் யார், யாருடைய நாய் யாரிடம் என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளலாம். அந்த மூன்று மாலைப்பொழுதின் பழக்கத்தையும் அப்போதே தொடங்கிவிடலாம். அயலவர் பிள்ளையை நம்பி விட்டுப் போகும் பழக்கம் இந்த ஊர்களில் முன்பிருந்தே உண்டு. நாய்க்கும் அதைக் கொடுக்க நமக்குச் செலவாகப் போவது ஓர் ஊசியும் அரை மணி நேரமும்தான்.